பறவை ஆராய்ச்சியாளர் வேலை: சிங்கப்பூர்ப் பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிகளுக்கும் சமூக மன்றங்களுக்கும் பேசப் போனால், கூட்டம் முடிந்ததும் பெற்றோர் தனியாக வந்து சில கேள்விகள் கேட்பார்கள். மாணவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் சிங்கப்பூரில் பறவைச் சூழலியல் ஆராய்ச்சி செய்பவள். எனக்கு அக்கறை அதிகமுள்ள இடங்களில் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பறவைகளைப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா? யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

வேலைதான். ஒரு பறவை எங்கே தங்குகிறது, எதைத் தின்கிறது, எத்தனை குஞ்சுகள் பிழைக்கின்றன, அது இருக்கும் மரங்களை வெட்டினால் எங்கே போகிறது என்பதை அளந்து பார்ப்பதுதான் பறவைச் சூழலியல். சிங்கப்பூரில் இதற்குச் சம்பளம் தருபவர்கள் சில வகையினர்: பல்கலைக்கழகங்கள், தேசியப் பூங்காக் கழகம், லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம், மண்டாயில் உள்ள வனவிலங்குப் பூங்காக்களும் அவற்றைச் சேர்ந்த உயிரினப் பாதுகாப்புப் பிரிவும், அப்புறம் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. ஒரு காட்டோரத்தில் சாலையோ ரயில் பாதையோ வீடுகளோ வரப்போகிறது என்றால், அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, அவற்றுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முதலில் ஆய்வு செய்வார்கள். அந்த ஆய்வுக்குக் களத்தில் நின்று பறவைகளை எண்ணத் தெரிந்தவர்கள் வேண்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

களத்துக்குப் போகும் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். இங்கே சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு உதிக்கிறது. பறவைகள் அதிகம் குரல் கொடுப்பது அதற்குச் சற்று முன்னும் பின்னும்தான். பத்து மணி வெயிலில் காடு அடங்கிவிடும். ஆகவே முதல் பேருந்து கிளம்புவதற்கு முன்பே எழுந்து, மாற்றுச் சட்டை, தண்ணீர், கொசு மருந்து எல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். புலாவ் உபினில் வேலை என்றால் சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது எல்லார் கட்டணத்தையும் நாமே கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

எண்ணும் முறை எளிமையானது. முன்பே குறித்துவைத்த ஓர் இடத்தில் அசையாமல் நின்று, பத்து நிமிடம் போலக் குறிப்பிட்ட நேரத்துக்குள், குறிப்பிட்ட தூரத்துக்குள் கண்ணில் பட்டவை, காதில் விழுந்தவை எல்லாவற்றையும் எழுத வேண்டும். பிறகு அடுத்த இடம். காட்டுக்குள் கண்ணைவிடக் காதுதான் அதிகம் உழைக்கும். சிலம்பன் குருவி இலைக்குவியலுக்குள்ளிருந்து கத்தும். கண்ணில் படாமலே போய்விடும். குரலை வைத்தே பெயர் சொல்லும் அளவுக்குக் காது பழகச் சில ஆண்டுகள் பிடிக்கும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. இப்போது மரத்தில் கட்டிவிட்டு வரும் ஒலிப்பதிவுக் கருவிகளும், பதிவைக் கேட்டுப் பறவையை அடையாளம் காணும் மென்பொருள்களும் வந்துவிட்டன. ஆனால் மென்பொருள் சொல்வது சரியா என்று பார்க்கப் பழகிய காது ஒன்று வேண்டும்.

சில திட்டங்களில் பறவையைப் பிடிக்கவும் வேண்டியிருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய வலையை மரங்களுக்கிடையே கட்டி, அடிக்கடி போய்ப் பார்த்து, சிக்கிய பறவையை விரல்களால் மெதுவாக விடுவித்து, எடை பார்த்து, சிறகை அளந்து, எண் பொறித்த சிறு வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்க விடுவோம். இதற்கு அனுமதி வேண்டும், பயிற்சி வேண்டும், விலங்கு நலக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மழை தூறினால் வலையைச் சுருட்டிவிட வேண்டும். நனைந்த பறவை விரைவில் குளிர்ந்துபோகும். இதில் அவசரப்படுகிறவர்களை நான் குழுவில் சேர்ப்பதில்லை.

மீதி நாள்களெல்லாம் கணினி முன்னால்தான். புள்ளியியல், வரைபடம், அறிக்கை, அனுமதி விண்ணப்பம், நிதி விண்ணப்பம். களத்தில் ஒரு மணி நேரம் செலவழித்தால் மேசையில் அதைவிட அதிக நேரம் போகும். இதைச் சொன்னதும் சில மாணவர்களின் முகம் வாடிவிடுகிறது. ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நல்லது.

இவ்வளவு சின்ன ஊரில் ஆராய என்ன இருக்கிறது?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சிங்கப்பூரில் இதுவரை 400க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. அதே சமயம், இத்தீவின் ஆதிக்காட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு நூற்றாண்டுகளில் அழிந்துவிட்டது. காடு போனதும் காட்டை நம்பியிருந்த பறவைகளும் போயின. தீக்காக்கை வகைகளும் பெரிய மரங்கொத்திகள் சிலவும் இன்று இந்தக் காடுகளில் இல்லை. தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நவ்ஜோத் சோதியும் அவருடைய சக ஆய்வாளர்கள் பேரி புரூக், பீட்டர் எங் இருவரும் 2003இல் 'நேச்சர்' இதழில் இந்த அழிவைக் கணக்கிட்டு எழுதினார்கள். காடழிப்பு தென்கிழக்காசியா முழுவதையும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சிங்கப்பூரை ஓர் எச்சரிக்கையாகக் காட்டிய கட்டுரை அது. சோதி 2011இல் காலமானார். பஞ்சாபிலிருந்து வந்து இந்த வட்டாரத்துக்கே குரல் கொடுத்த அறிஞர். அவரிடம் படித்தவர்கள் இன்று பல நாடுகளில் வேலை செய்கிறார்கள்.

சோதி குழுவினரால் அந்த அழிவைக் கணக்கிட முடிந்ததற்குக் காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இங்கே யாரோ ஒருவர் எழுதி வைத்திருந்ததுதான். எந்தப் பறவையை எங்கே கண்டோம், எப்போது சுட்டு அரும்பொருளகத்தில் வைத்தோம் என்ற பழைய குறிப்புகள் இல்லாவிட்டால், எதை இழந்தோம் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. இந்தத் துறையில் நான் உயிராக மதிப்பது இந்தப் பதிவுகளைத்தான்.

அடுத்தது, வலசைப் பறவைகள். சைபீரியா, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் கிழக்காசிய-ஆஸ்திரலேசியப் பறக்கும் பாதையில் சிங்கப்பூர் ஓர் இடைநிலையம். செப்டம்பர் முதல் மார்ச் வரை கிராஞ்சியிலுள்ள சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போனால் பவளக்காலிகளையும் உப்புக்கொத்திகளையும் கோட்டான் எனப்படும் வளைந்த அலகுள்ள கரைப்பறவைகளையும் சேற்றில் பார்க்கலாம். அங்கே செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பப்பட்ட பவளக்காலிகளில் சில, முட்டையிடத் திபெத் பீடபூமி வரை போனது தெரியவந்தது. கிராஞ்சியில் இறால் தேடும் பறவை, கோடையில் அந்த உயரத்தில் குஞ்சு வளர்க்கிறது. இதே பாதையைச் சேர்ந்த பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து சில மாதங்களே ஆன நிலையில், 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது.

ஆகவே சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையே மஞ்சள் கடல் ஓரச் சேற்றுநிலத்தை மண்கொட்டி நிரப்பினால் சுங்கை பூலோவில் பறவை குறையும். இங்கிருந்து எண்ணிக்கை கொடுப்பவர்கள், அங்கிருந்து கொடுப்பவர்கள், ஆஸ்திரேலியாவில் கொடுப்பவர்கள் எல்லாரும் சேர்ந்தால்தான் முழுப்படமும் தெரியும். ஊர் சிறியதுதான், ஆனால் இங்கே எண்ணுவதை நிறுத்தினால் அந்தப் படத்தில் ஓர் ஓட்டை விழும்.

எண்ணிக்கொண்டே இருந்தால் போதுமா? அதனால் எதையாவது காப்பாற்றியிருக்கிறார்களா?

சுங்கை பூலோவே சாட்சி. 1986இல் பறவை ஆர்வலர்கள் அந்த இடத்தின் வளத்தைக் கண்டறிந்தார்கள். அது அப்போது விவசாயத் தொழில்நுட்பப் பூங்காவுக்காக ஒதுக்கப்பட்ட நிலம். மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை, எத்தனை வகைப் பறவைகள், எந்தெந்த மாதங்களில், எவ்வளவு என்று விவரமாக எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தது. அரசாங்கம் கேட்டுக்கொண்டது. 1993இல் 87 ஹெக்டரில் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டருக்கு விரிந்து, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியானது. உணர்ச்சியோடு பேசுவது தப்பில்லை. ஆனால் அந்த மேசையில் எடுபட்டது பட்டியல்தான்.

அடுத்து இருவாச்சி. கருப்பும் வெள்ளையுமாக, பெரிய அலகுமேல் கொண்டை வைத்திருக்கும் பறவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோன இனம். 1994இல் புலாவ் உபினில் ஒரு ஜோடி தென்பட்டது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண், சிறு பிளவு வழியாக உணவு ஊட்டும். அதற்குப் பெரிய பொந்து வேண்டும். நம்மிடம் அவ்வளவு முதிர்ந்த மரங்கள் இல்லை. 2004இல் தொடங்கிய திட்டத்தில் செயற்கைக் கூட்டுப் பெட்டிகளை மரங்களில் பொருத்தி, உள்ளே கேமரா வைத்து, எந்த அளவு வாசல், எவ்வளவு வெப்பம் அதற்குப் பிடிக்கிறது என்று கவனித்தார்கள். இன்று சாங்கியிலும் பாசிர் ரிஸிலும் வீவக அடுக்குமாடி வீட்டுச் சன்னல் ஓரத்தில்கூட இருவாச்சி வந்து உட்காருகிறது. வேறு பறவைகளின் குஞ்சுகளையும் அது பிடித்துத் தின்னும். மீண்டு வந்த ஓர் இனத்தின் பின்விளைவையும் அதே பொறுமையோடு கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

புக்கிட் தீமா விரைவுச்சாலை 1980களில் காட்டை இரண்டாகப் பிளந்தது. 2013இல் அதன்மேல் மரம் வளர்த்து 62 மீட்டர் நீளத்துக்குச் சூழலியல் பாலம் கட்டினார்கள். மரகதப்புறா போன்ற காட்டுப் பறவைகளும் எறும்புத்தின்னிகளும் அதைப் பயன்படுத்துவதாகப் பதிவுகள் உள்ளன. குறுக்குத் தீவு ரயில் பாதை விஷயத்தில் நீண்ட விவாதம் நடந்தது. மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்டார்கள். 2019 இறுதியில், வனப்பகுதிக்கு அடியில் ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்தில் போவதாக முடிவானது. எல்லாரும் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் களஆய்வும் வாதமும் இல்லாதிருந்தால் அவ்வளவு ஆழத்துக்குப் போயிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

என்ன படிக்க வேண்டும்?

உயர்நிலைப்பள்ளியில் உயிரியல், கணிதம் இரண்டையும் விடாதீர்கள். கணிதம் வேண்டாம் என்று உயிரியல் பக்கம் வருகிறவர்கள் இந்தத் துறையில் திணறுவார்கள். தொடக்கக் கல்லூரி வழியும் உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சுற்றுச்சூழல் அல்லது உயிரியல் சார்ந்த பட்டயப் படிப்பு வழியும் உண்டு. இரண்டாவது வழியில் வந்தவர்கள் களவேலையில் பெரும்பாலும் தேறியவர்களாக இருக்கிறார்கள்.

பட்டப்படிப்புக்குத் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறையும் சுற்றுச்சூழல் படிப்பும் இருக்கின்றன. நன்யாங்கில் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளி இருக்கிறது. ஆய்வாளராக நிலைக்க வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வேண்டும். அதற்கு உதவித்தொகை உண்டு. பையன்களுக்கு நடுவில் தேசிய சேவையும் வரும். வார இறுதியில் வெளியே வரும்போது பைனாகுலரோடு ஒரு நடை போய்வந்தால் காதும் கண்ணும் துருப்பிடிக்காது.

ஆராய்ச்சி சிங்கப்பூருக்குள்ளேயே முடங்கும் என்றும் நினைக்க வேண்டாம். தேசியப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ரைன்ட் குழு, இந்தோனேசிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுலாவெசிக்கு அருகிலுள்ள தாலியாபு, பெலெங், தோகியான் தீவுகளிலிருந்து ஐந்து புதிய பறவையினங்களையும் ஐந்து துணையினங்களையும் 2020இல் அறிவித்தது. பறவைகளில் புதிதாகக் கண்டுபிடிக்க இனி ஒன்றுமில்லை என்று பலர் நம்பியிருந்த காலம் அது.

பெரிய பட்டம் இல்லாவிட்டால் இதில் இடம் இல்லையா?

சுபராஜ் ராஜதுரை என்ற பெயரை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். இயற்கையைத் தானாகவே கற்றுக்கொண்டவர். வழிகாட்டியாகவும் ஆலோசகராகவும் வாழ்க்கை நடத்தினார். சுங்கை பூலோவைக் காப்பாற்றப் பாடுபட்டவர்களில் ஒருவர். சிங்கப்பூரில் மறைந்துபோன காட்டுப் பறவைகளைப் பற்றி சோதியோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். நீளமான தலைமுடியோடு காட்டில் நடக்கும் அவரைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தவர்கள் பலர். 2019இல் அவர் மறைந்தபோது, அமைச்சர்கள் முதல் பள்ளிப்பிள்ளைகள் வரை வருந்தினார்கள்.

இன்று வேலைச் சந்தையில் பட்டம் இல்லாமல் நுழைவது அவர் காலத்தைவிடக் கடினம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் குரல் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லத் தெரிந்தவரை ஆலோசனை நிறுவனங்கள் இன்றும் தேடுகின்றன.

சம்பளம் எப்படி?

வங்கியிலோ கணினித் துறையிலோ கிடைப்பதைவிடக் குறைவு. தொடக்கத்தில் ஆய்வு உதவியாளர் வேலைகள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்கள். நிதி முடிந்தால் அடுத்த இடம் தேட வேண்டும். அரசுக் கழகத்திலும் ஆலோசனை நிறுவனங்களிலும் நிலையான வருமானம் உண்டு. வீட்டுக்கடன் கட்டி, குடும்பம் நடத்தி, நன்றாக வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும்.

பெண் பிள்ளையைத் தனியாகக் காட்டுக்கு எப்படி அனுப்புவது?

தனியாக அனுப்ப மாட்டோம். களவேலைக்குக் குறைந்தது இருவர் போவதுதான் பழக்கம். எந்தப் பாதை, எப்போது திரும்புவோம் என்று மூன்றாவது ஆள் ஒருவருக்குச் சொல்லிவிட்டே கிளம்புவோம். உண்மையான ஆபத்து இடி மின்னல், வெயில், டெங்கிக் கொசு, சில இடங்களில் தெருநாய்கள். இங்கே நிறைய பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள். கேள்வி கேட்கும் அம்மாக்களை ஒருநாள் எங்களோடு காலையில் நடக்க வரச் சொல்கிறேன். வந்தவர்கள் அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைக்கலாமா?

தமிழ்க் குடும்பங்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது இது. சிங்கப்பூரில் வனவிலங்குச் சட்டத்தின்படி காட்டுயிர்களுக்கு உணவிடுவது குற்றம். காகம், புறா, மைனா எல்லாம் அதில் அடங்கும். முதல் முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

சட்டம் ஒரு பக்கம். சூழலியல் காரணமும் உண்டு. இங்கே இருக்கும் காகம் இந்தத் தீவின் பழைய பறவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுவைக் கட்டுப்படுத்த இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட காகங்கள் மலாய்த் தீபகற்பத்தில் பெருகின. நாம் போடும் உணவு அவற்றைத் தேவைக்குமேல் பெருக்குகிறது. கூட்டை நெருங்கும் மனிதர்களைக் கொத்துகின்றன; புகார் வருகிறது; கடைசியில் அவற்றைக் கொன்று குறைக்க வேண்டியதாகிறது. முன்னோரை நினைக்கும் மனதை நான் முழுமையாக மதிக்கிறேன்; என் வீட்டிலும் அந்தப் பழக்கம் இருந்தது. படையலைச் சாமி அறையிலேயே வைத்து, வீட்டில் எல்லாரும் பகிர்ந்து உண்ணுங்கள். பறவைக்கும் அதுதான் நல்லது.

காகம் பெருகியதால் அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் பெருகியது. விடியுமுன் குயில் கூவித் தூக்கம் கெடுகிறது என்பவர்களுக்கு அதுதான் விளக்கம்.

கூண்டில் பாடும் பறவை வளர்ப்பது தப்பா?

ஆங் மோ கியோ பக்கம் கெபுன் பாருவில் உயரக் கம்பங்களில் கூண்டுகளை ஏற்றிப் பாட விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வரும் பெரியவர்கள் பறவைமேல் உண்மையான அன்பு உள்ளவர்கள். சிக்கல், பறவை எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. வைக்கோல் நிறத் தலையுள்ள பெரிய சின்னான் (புல்புல்) ஒன்று உண்டு. அதன் பாட்டு காட்டையே நிறைக்கும். அந்தப் பாட்டுக்காகவே பிடித்துப் பிடித்து, தாய்லாந்திலும் ஜாவாவிலும் காட்டில் அது இல்லாமலே போய்விட்டது. 2018இல் அது மிகவும் அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. உலகில் எஞ்சியிருப்பவற்றில் கணிசமான பங்கு சிங்கப்பூரில், குறிப்பாகப் புலாவ் உபினில் இருக்கிறது. நம் உணவங்காடி நிலையங்களில் தட்டைக் கொத்தும் ஜாவா மைனாவும் தன் சொந்த ஊரான ஜாவாவில் இதே வணிகத்தால் அருகிவிட்டது.

வாங்குவதற்குமுன், கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட பறவையா, அதற்கு ஆவணம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் வாங்காதீர்கள்.

எங்கள் புளோக்கின் கீழே பறவை ஒன்று விழுந்து கிடக்கிறது. என்ன செய்ய?

அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது அதிகம். வலசைப் பறவைகள் பல இரவில் பறக்கின்றன. விளக்கொளியில் திசை குழம்பி, கண்ணாடியில் மோதுகின்றன. நீலச் சிறகுள்ள ஆறுமணிக்குருவி அப்படி அடிக்கடி விழும் பறவைகளில் ஒன்று. உயிர் இருந்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வனவிலங்குகளை மீட்கும் ஏக்கர்ஸ் அமைப்பையோ தேசியப் பூங்காக் கழகத்தையோ அழையுங்கள். இறந்திருந்தால் வெறுங்கையால் தொடாமல், படம் எடுத்து, இடமும் நேரமும் குறித்து இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குத் தெரிவிக்கலாம். எந்தக் கட்டடத்தில், எந்த மாதத்தில் எவ்வளவு விழுகிறது என்பது அப்படித்தான் தெரியவருகிறது.

என் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. இப்போதே எங்கே தொடங்கலாம்?

விலையுயர்ந்த கேமரா வாங்கித் தராதீர்கள். கேமரா கையில் இருக்கும் பிள்ளை படத்துக்காகப் பறவையை விரட்டத் தொடங்கிவிடும். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் ஒன்று போதும். கைபேசியில் பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின், பார்த்ததைப் பதிய உதவும் ஈபேர்ட் செயலிகளை இறக்கிக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். சுங்கை பூலோவுக்கு மட்டும் போகாமல், வீட்டுக்குக் கீழே இருக்கும் பூங்காவை ஒன்று தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு காலை, அதே நேரம், அதே பாதை. பார்த்ததை எண்ணோடு எழுதச் சொல்லுங்கள், மைனாவையும் புறாவையும்கூட. ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் தேதி போட்டு எழுதட்டும். தேசியப் பூங்காக் கழகம் பொதுமக்களோடு சேர்ந்து நடத்தும் பூங்காப் பறவைக் கணக்கெடுப்பு, இயற்கைச் சங்கத்தின் பறவைக் குழு நடைகள் இரண்டிலும் பிள்ளைகளோடு சேரலாம். முதல் முறை நீங்களும் கூடப் போங்கள். காலையுணவை மட்டும் கையோடு கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கடை இருக்காது.